அம்மா கொண்டுவந்த இந்தி மெட்டு

இந்திப் படத்துக்குப் போனால் கதையைத் தேடக் கூடாது என்பது என் கட்சி. பேசும்போது முறுக்கு தின்னலாம், பாட்டு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் பழைய பாட்டில் வந்து நிற்கிறது. தமிழ்ப் பாட்டு உசத்தியா, இந்திப் பாட்டு உசத்தியா என்று இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள். நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை. தமிழ்ப் பாட்டு எனக்குச் சோறு மாதிரி. இந்திப் பாட்டோ எனக்கு நிஜமாகவே சோறு போட்டது. எப்படி என்று சொல்கிறேன். நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் வீடு வடக்குத்து என்கிற ஊரில், டவுன்ஷிப் முடிந்து முந்திரித் தோப்பு தொடங்கும் இடத்தில் இருந்தது. அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. வேலை இருக்கும் மாதங்களில் பழுப்பு நிறப் புழுதியோடு வீட்டுக்கு வருவார். குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த வருடம் ஐப்பசி மழையில் அவருடைய கான்ட்ராக்ட் முடிந்தது. அடுத்தது பிடிபடவில்லை. அம்மா டவுன்ஷிப்புக்குள் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன.

அந்த வீட்டு அம்மா வடக்கே ஏதோ ஒரு நிலக்கரி ஊரிலிருந்து வந்தவர். கணவர் பொறியாளர், ஷிப்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படித்தார்கள். நாங்கள் அவரை வடக்கத்தி அம்மா என்போம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள், வாசலுக்கே வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று. வாசலுக்கு வந்தால் எந்த பாஷையில் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது நானும் அவரைத் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைத்தேன்.

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு ரேடியோ இருந்தது. மரப்பெட்டி ரேடியோ, மேலே பூத்தையல் போட்ட துணி. சூடாகும்போது பச்சை விளக்காக ஒரு கண் மெல்லத் திறக்கும். அந்தக் கண்ணைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு போவேன். காலையில் இலங்கையிலிருந்து இந்திப் பாட்டு வரும். அம்மா பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். சாம்பலும் புளியும் கலந்த வாசனை, சொளசொளவென்று தண்ணீர், நடுநடுவே பாட்டு. தண்ணீரைத் திறந்தால் பாட்டு மறையும், மூடினால் வரும். பெரிய அண்டாவைத் தேய்க்கும்போது ஒரு சரணமே போய்விடும்.

நான் சொல்கிறேன், அந்தக் காலத்து இந்திப் பாட்டில் பாடகி வருவதற்கு முன்னால் ஒரு வாசிப்பு வரும் பாருங்கள், அதற்கு ஈடு கிடையாது. அக்கார்டியன் ஒரு பக்கம் மூச்சு வாங்கும், வயலின்கள் கூட்டமாக எழுந்து உட்காரும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் தெருவை நடந்து காட்டுகிற மாதிரி. அப்புறம் அந்தக் குரல். இதோ அறுந்துவிடப் போகிறது என்று நினைக்கும் அளவுக்கு மெல்லிசாக மேலே ஏறும். அறாது. எண்பதுகளின் நடுவில் எல்லாவற்றையும் டமடமவென்று தட்டத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தெருவும் இல்லை, வீடும் இல்லை, நேரே படுக்கையறைதான்.

அம்மா கேட்டதையெல்லாம் முணுமுணுப்பாள். ஒருநாள் ஒரு மெட்டை அவள் தப்பாக வளைத்தபோது, வடக்கத்தி அம்மா மாவுக் கையோடு பின்கட்டுக்கு வந்து நின்று சரியாகப் பாடிக் காட்டினார். அம்மா திருப்பிப் பாடினாள். அவர் தலையை ஆட்டி, "இல்லை" என்பது போல மறுபடி பாடினார். இப்படி ஆரம்பித்ததுதான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. மெட்டு மட்டும் போய்ப் போய் வந்தது.

டவுன்ஷிப் தியேட்டரில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலைக் காட்சியாக இந்திப் படம் போடுவார்கள். வடக்கத்தி அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். எனக்கு அதுதான் முதல் இந்திப் படம். வெளியே நெய்வேலி வெயில், உள்ளே திரை முழுக்கப் பனி. பனியில் ஒருத்தி மெல்லிய சேலையோடு பாடுகிறாள், நாயகன் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறான். அந்த அநியாயம் எனக்கு அன்றைக்கே புரிந்தது. வில்லன் வீட்டில் கட்டாயம் மாடிப்படி இருக்கும், யாராவது அதில் உருளுவார்கள். ஆனால் நாயகர்கள் அழுதார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், குடித்துப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்ததில்லை. இடைவேளையில் அம்மா எனக்குக் கதை சொன்னாள்: "அந்தக் கெழவி அழுவுறா பாரு, அவதான் பெத்தவ. மத்ததெல்லாம் தன்னால வெளங்கிடும்." அவள் சொன்னது அநேகமாகச் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா என் தலையைத் தடவி, "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

ஏனென்றால் அப்பா கட்சிக்காரர். இளவட்டமாக இருந்தபோது ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர். சட்டையில் விழுந்த தார்ச் சொட்டு போகவே இல்லை என்று அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். டீக்கடையில் இந்திப் பாட்டு வந்தால் ஸ்டேஷனை மாற்றச் சொல்வார், மாற்றாவிட்டால் டீயை வைத்துவிட்டு வந்துவிடுவார். அவருக்கு நல்ல குரல். கட்சியின் தெருமுனைக் கூட்டங்களில் பேச்சாளர் வந்து சேரும்வரை அப்பாதான் பாடுவார். பழைய சினிமா மெட்டில் தானே வார்த்தை கட்டிப் பாடுவார். ஆட்கள் அவரைக் கவிஞரே என்று கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எதுவானாலும் அப்பா திரும்பிப் பார்ப்பார். அம்மா பாத்திரம் கழுவப் போவதை மட்டும் கட்சி ஆட்களிடம் அவர் சொன்னதில்லை. டவுன்ஷிப்பில் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

மார்கழியில் ஒரு நாள் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே வாய்க்குள் பாடினாள். அப்பா வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே நிறுத்தினார்.

"என்னா மெட்டு இது?"

"எது?"

"இப்ப மொணவிகினு இருந்தியே."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "எங்க ஊரு நடவுப் பாட்டு" என்றாள்.

"வளையமாதேவியிலயா? நான் கேட்டதே இல்லியே."

"நீங்க எந்தச் சேத்துல எறங்குனீங்க, கேக்கறதுக்கு?"

அப்பா சிரித்துவிட்டார். "மறுபடி பாடு" என்றார்.

அது இந்திப் பாட்டு என்று தெரிந்தால் அப்பா வேலையை விடச் சொல்லிவிடுவார். வேலை போனால் உலை கொதிக்காது. அம்மா பொய் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், உலையைவிட அந்த ஜன்னல் பாட்டு போய்விடும் என்றுதான் அவள் பயந்திருப்பாள் என்று படுகிறது. அவளுக்கென்று வேறு என்ன இருந்தது?

தையில், பொங்கல் முடிந்ததும், மொழிக்காக உயிர்விட்டவர்களுக்கு வீரவணக்கக் கூட்டம் நடக்கும். அதற்கான பாட்டை இந்த மெட்டில் கட்டுவது என்று அப்பா முடிவு செய்தார். அந்த மெட்டு வந்த இந்திப் படம் புதுசு. பாட்டு இன்னும் எங்கள் பக்கத்து டீக்கடைகளுக்கு வந்து சேரவில்லை. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தினமும் சாயங்காலம் அம்மாவை எதிரே உட்காரவைத்து மெட்டைப் பாடச் சொல்வார். அவள் தானத்தானா என்று பாட, இவர் வார்த்தை போடுவார். பொருந்தாத இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தடுக்கி விழுந்து சிரிப்பார்கள். வேலையில்லாத அப்பா, அரைவயிற்றுச் சோறு, கூரையில் ஒழுகல், அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டது. அந்த நாட்களை எனக்குக் கொடுத்ததற்காக, முகம் தெரியாத அந்த இசையமைப்பாளரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

"இந்த எடத்துல ஒரு வளைவு வருது பாரு" என்பார் அப்பா. "நாத்தை ஒதறி வெக்கிற வளைவு. சேத்துல கால் வெச்சவளுக்குத்தான் இது வரும். சோபாவுல உக்காந்துகினு பாட்டு போடறானே இந்திக்காரன், அவனுக்கு வருமா?"

"பொகை கண்ணைக் கரிக்குது" என்று அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

கூட்டம் கடைத்தெருவை ஒட்டிய திடலில் நடந்தது. பண்ருட்டியிலிருந்து பேச்சாளர் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்து டியூப் லைட்டில் பூச்சி மொய்க்கத் தொடங்கியிருந்தது. அப்பா மைக்கைப் பிடித்து, "இது என் துணைவியார் பொறந்த மண்ணு, வளையமாதேவி நடவுப் பாட்டு மெட்டு. எந்த வடக்கத்தியானும் இப்படி ஒரு மெட்டைத் தர முடியாது" என்றார். கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்பா நன்றாகப் பாடினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது முறை பல்லவி வரும்போது கூட்டமே சேர்ந்து பாடியது. அப்போது ரோட்டில் ஒரு சைக்கிள் நின்றது. காவல் வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஆள், பெரிய மீசைக்காரர், ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. முகமெல்லாம் பூரித்துப்போய் இந்தியில் உரக்கப் பாடினார். சொந்த ஊர் பஸ்ஸைப் பார்த்தவன் மாதிரி அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"யோவ், என்னாய்யா நக்கலா?" என்று ஒருவன் அவர் சைக்கிளைப் பிடித்தான்.

மீசைக்காரருக்குப் புரியவில்லை. கூடப் பாடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அப்பாவின் பாட்டில் இல்லாத இடத்தையும், அம்மா அண்டா தேய்க்கும்போது தவறவிட்ட அந்தச் சரணத்தையும் சேர்த்துப் பாடினார். அப்பா நிறுத்திவிட்டார். திடலில் அந்தக் குரல் மட்டும் கேட்டது.

ரேடியோ ரிப்பேர் கடைக்காரர்தான் சொன்னார். "அவரை வுடுங்கப்பா. அவர் பாடறது சினிமாப் பாட்டு. புதுப் படம். நானே கேட்டுகினுதான் இருக்கேன்."

பண்ருட்டிப் பேச்சாளர் மைக்கை வாங்கி, "நம்ம கவிஞர் வூட்டு நாத்து டெல்லி வரைக்கும் வேர் வுட்டிருக்கு போல" என்றார். கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அப்பா மேடையின் பின்பக்கமாக இறங்கிப் போனார்.

வீட்டில் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த வூட்டு ரேடியோவா?"

"ஆமா."

"நாளையிலேருந்து அங்க போவாத."

"போவல" என்றாள் அம்மா.

அவள் போகவில்லை. பாடவும் இல்லை. அடுப்பு ஊதினாள், கூழ் காய்ச்சினாள், வாய் மட்டும் அசையவில்லை. அப்பா கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் திண்டாடிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். நான் தோப்பில் முந்திரிப் பழம் பொறுக்கித் தின்று தொண்டை கரகரத்துத் திரிந்தேன். அப்பாவுக்கு இந்திமேல் கோபமா, பொய் சொன்ன அம்மாமேலா, சிரித்த கூட்டத்தின் மேலா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மனைவி எங்கே வேலை செய்கிறாள் என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டுவிடுவார்களோ என்கிற பயம்தான் அதில் பாதி என்று இப்போது தெரிகிறது.

ஒருநாள் முற்பகலில் வடக்கத்தி அம்மா எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். டவுன்ஷிப்பிலிருந்து வெயிலில் நடந்து, வழியெல்லாம் அம்மாவின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு. சேலை நுனி தலையில், செருப்பெல்லாம் செம்மண். அம்மா குளத்தில் துணி துவைக்கப் போயிருந்தாள். வாசலில் அப்பாவும் நானும்தான். அவர் இந்தியில் மளமளவென்று பேசினார். அப்பா என்னைப் பார்த்தார்.

"என்னா சொல்லுது? ஒனக்குத்தான் அந்த வூடு பழக்கமாச்சே."

எனக்குத் தெரிந்த இந்தி முழுக்கப் பாட்டில் வந்த இந்தி. மனசு, கண்ணீர், தனிமை, காத்திருப்பது, நிலா, வழிப்போக்கன். அவர் பேச்சில் எனக்குப் பிடிபட்டதை மட்டும் எடுத்துச் சொன்னேன்.

"காத்துகினு இருக்காங்களாம்."

"யாருக்காவ?"

"அம்மாவுக்கு. தனியா இருக்காங்களாம். மனசு ஒடைஞ்சி போச்சாம்."

அப்பா சந்தேகமாகப் பார்த்தார். "பாத்திரமெல்லாம் அப்பிடியே கெடக்குதுன்னு சொல்லலியா?"

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுப்பா."

நிஜமாகவே தெரியாது. எந்தப் பாட்டிலும் பாத்திரம் வரவில்லை. ஆனால் இத்தனை வருடம் கழித்து எனக்கு இந்தி நன்றாகத் தெரிந்த பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அவர் முகம் இருந்த இருப்பில், அவர் சொல்ல வந்தது நான் சொன்னதேதான். சினிமாப் பாட்டுக்காரர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்த வாசலில் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையைக் குவித்து வாய்க்குக் காட்டினார். தண்ணீர். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அப்பா தயங்கினார். டவுன்ஷிப்பில் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் தூக்கி ஊற்றுவார்கள், கையேந்திக் குடிப்போம். நாங்கள் கொடுத்து அவர்கள் குடிப்பது என்பதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. நான் உள்ளே ஓடிச் செம்பில் மொண்டு வந்தேன். வடக்கத்தி அம்மா வாங்கி, வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். அதையும் குடித்தார். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

ஈரத் துணியோடு அம்மா வந்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பாஷையில் ஒரே சமயத்தில் பேசினார்கள். அப்பா துணிவாளியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடியில் தானே காயப்போட்டார். இரவுச் சோறு முடிந்ததும், "காலைல வெய்யிலுக்கு முன்னாடி கௌம்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஓரிடத்தில் கால் தரிக்காது. யாத்திரை பஸ்களில் சமையல் ஆளாகச் சேர்ந்து காசி, ஹரித்துவார், நாகபுரி என்று பாதி வயதைக் கழித்துவிட்டேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததே இந்தி தெரியும் என்று சொன்னதால்தான். முதல் பயணத்தில் காய்கறிக்காரனிடம் என்னிடமிருந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு பேரம் பேசினேன். "ஏ வழிப்போக்கா, என் இதயத்தை நொறுக்காதே" என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறேன். அவன் விழுந்து விழுந்து சிரித்து, ஒரு கூடை கத்தரிக்காயைப் பாதி விலைக்குக் கொடுத்தான். உப்பு, விறகு, மண்ணெண்ணெய் எல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டேன். நல்ல மனிதர்கள் நிறையப் பேரைப் பார்த்தேன். கவுண்டரில் நின்று, இந்தி பேசத் தெரியாத எங்கள் ஊர்க் கிழவர்களை மாட்டைப் போல விரட்டியவர்களையும் பார்த்தேன். அப்போதெல்லாம் அந்தத் தார்ச் சட்டைக்கு ஒரு நியாயம் இருந்தது என்று நினைத்துக்கொள்வேன். பாட்டை நேசிப்பதற்கும் அந்த நியாயத்துக்கும் என் மனசில் சண்டை வந்ததில்லை. அதை அப்பாவிடமிருந்துதான் கற்றேன்.

அந்த வருடம் மாசிக் கடைசியில் எங்கள் வடக்குத்திலேயே ஒரு கூட்டம். அப்பாவைப் பாடக் கூப்பிட்டார்கள். மேடை என்பது இரண்டு பெஞ்சுதான். அவர் ஏறியதுமே பின்னாலிருந்து குரல் வந்தது. "கவிஞரே, நடவுப் பாட்டு ஒண்ணு எடுத்து வுடுங்க."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அப்பா நின்றார்.

"அது நடவுப் பாட்டு இல்ல" என்றார். "எம் பொஞ்சாதி டவுன்ஷிப்புல ஒரு வூட்ல பாத்திரம் கழுவுறா. அதுலதான் நான் சாப்புடறேன். அந்த வூட்டு ரேடியோவுல கேட்டுகினு வந்த மெட்டு. மெட்டு அவங்களுது. திணிக்காதன்னுதான் நான் சொல்றேன், பாடாதன்னு சொல்லல. இப்பப் பாடப் போறேன். புடிக்காதவங்க டீ குடிச்சிட்டு வரலாம்."

யாரும் டீ குடிக்கப் போகவில்லை. அப்பா பாடினார். இந்த முறை சரணமும் இருந்தது. அதை எப்போது அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று எனக்கே தெரியாது.

பெண்கள் பக்கத்தில் எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாக, "எந்த வூட்ல வேலை செய்யிற நீ?" என்று கேட்டாள். அம்மா பிளாக்கையும் ரோட்டையும் சத்தமாகவே சொன்னாள்.

"காலைல வாயேன். ரோட்ல நின்னாலே பாட்டு கேக்கும்."